வக்கீல் நோட்டீஸுக்கு நடுவில் ஒரு ஆல்பம்: பிளாக் சபாத்தின் 'சபோட்டாஜ்'

2025 ஜூலை 5, பர்மிங்ஹாம், வில்லா பார்க் மைதானம். பிளாக் சபாத் குழுவின் ஆரம்பகால ஆட்கள் நான்கு பேரும் கடைசித் தடவையாக ஒரே மேடையில் ஏறினார்கள். பார்க்கின்சன்ஸ் நோயால் ஆசி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். அதிலிருந்து பதினேழாவது நாள் இறந்துபோனார். நான்கு பேரும் சேர்ந்து அன்று வாசித்தது நான்கே பாட்டு: வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பாரனாய்ட். நான்குமே 1970-ஆம் வருஷத்துப் பாட்டுகள். அந்த ஒரு வருஷத்தில் வந்த முதல் இரண்டு ஆல்பங்களோடு உலகத்தின் ஞாபகம் நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அதே மேடையில், கொஞ்ச நேரம் முன்னால், மெட்டாலிகா குழு வாசிக்க எடுத்துக்கொண்டதில் ஒன்று 'ஹோல் இன் த ஸ்கை'. டிரம்ஸ்காரர்களுக்காக ஒரு பந்தயம் மாதிரி வைத்தார்களே, டிராவிஸ் பார்க்கர், டேனி கேரி, சாட் ஸ்மித் மூன்று பேரும் மாறி மாறி வாசித்தது, அதற்கு எடுத்துக்கொண்ட பாட்டு 'சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்'. இரண்டுமே 1975-ல் வந்த 'சபோட்டாஜ்' ஆல்பத்தில் இருப்பவை. ஜனங்களுக்கு 1970, வாசிக்கிறவர்களுக்கு 1975. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெட்டல் கேட்கிற வட்டாரத்தில் 'சபோட்டாஜ்' தெரியாத ஆல்பம் கிடையாது. பெயர் எல்லாருக்கும் தெரியும். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்கள்தான் குறைவு. நானும் பல வருஷம் 'சிம்ப்டம்' ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மீதியை விட்டிருந்தேன். 2021-ல் இதற்குப் பெரிய பெட்டி வடிவில் மறுபதிப்பு வந்தபோதுதான் முழுசாகக் கேட்டேன். எட்டு பாட்டு, நாற்பத்து மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். அதற்கப்புறம் இந்தக் குழுவில் எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்கிறேன்.

கதைக்கு வருவோம். நான்கு பேரும் பர்மிங்ஹாமில் ஆஸ்டன் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்த மனைகளில் விளையாடி வளர்ந்தவர்கள். ஆசி ஆடுமாடு வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவர், அதற்கு முன்னால் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கிற வேலை. பில் வார்ட் நிலக்கரி வண்டியோடு போனவர். டோனி அயோமி தகரம் வெட்டும் தொழிற்சாலையில். கீஸர் பட்லர் கணக்கர் பயிற்சியில் இருந்தவர். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் படிக்கப் போன ஆள் ஒருத்தர் உள்ளேயே இருந்தும், ஐந்து வருஷம் தங்கள் காசு எங்கே போகிறது என்று இந்தக் குழுவுக்குத் தெரியாமல் இருந்தது.

முதல் மேனேஜர் ஜிம் சிம்ப்சன், உள்ளூர்க்காரர். 1970-ல் பாட்டு ஓட ஆரம்பித்ததும் அவரை விட்டுவிட்டு லண்டன்காரர் பாட்ரிக் மீகனிடம் போனார்கள். சிம்ப்சன் வழக்குப் போட்டார். மீகன் காலத்து ஏற்பாட்டைப் பற்றி ஆசி, அயோமி, பட்லர் மூன்று பேரும் தனித்தனியாகச் சுயசரிதை எழுதியிருக்கிறார்கள். சாரம் ஒன்றுதான்: கார் கேட்டால் கார் வரும், வீடு கேட்டால் வீடு வரும், கணக்கு கேட்டால் மட்டும் எதுவும் வராது. இருபத்திரண்டு வயசில் யாருக்குக் கணக்கு வேண்டும்? 1973-ல் வந்த 'சபாத் பிளடி சபாத்' இங்கிலாந்தில் வெளியானதே மீகனின் 'வேர்ல்ட் வைட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனத்தின் பெயரில்தான். மேனேஜரும் அவரே, இசைத்தட்டுக் கம்பெனியும் அவரே. 1974 ஏப்ரலில் கலிபோர்னியா ஜாம் நிகழ்ச்சியில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால் வாசித்தார்கள். அந்த உச்சியில் நிற்கும்போதுதான், இவ்வளவு கூட்டத்துக்கும் நம் கையில் இருக்கிற காசுக்கும் சம்பந்தமே இல்லையே என்ற கேள்வி வலுத்தது. மீகனை விட்டு விலகினார்கள். மறுபடி வழக்கு.

அந்த நேரத்தில்தான் லண்டன் மார்கன் ஸ்டூடியோவில் புது ஆல்பத்துக்கான பதிவு. பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வக்கீல் காகிதங்கள் ஸ்டூடியோவுக்கே வந்து சேர்ந்தன என்று அயோமி பலமுறை சொல்லியிருக்கிறார். காலையில் வக்கீல் ஆபீஸ், மற்ற நேரம் மைக் முன்னால். எல்லாப் பக்கமிருந்தும் தங்களை யாரோ கவிழ்க்கிறார்கள் என்ற நினைப்பிலிருந்து வந்ததுதான் 'சபோட்டாஜ்' என்ற பெயர். கடைசிப் பாட்டின் பெயர் 'த ரிட்'. நமக்கு ரிட் என்றால் ஹைகோர்ட்டில் அரசாங்கத்துக்கு எதிராகப் போடும் மனு ஞாபகம் வரும். இங்கிலாந்தில் அப்போது சாதாரண சிவில் வழக்கே ரிட் என்ற காகிதத்தோடுதான் தொடங்கும். 1999-ல்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு படிவம் கொண்டுவந்தார்கள். ஆக, தலைப்புக்கு நேர் அர்த்தம் 'கோர்ட்டு சம்மன்' மாதிரி.

பொதுவாக இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு முடித்துவிடுவார்கள்: வழக்கு வந்தது, கோபம் வந்தது, கோபம் இசையானது. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நேரடியாக மேனேஜரைத் திட்டுகிற பாட்டு இதில் ஒன்றே ஒன்றுதான். மற்ற ஏழும் வேறு விஷயங்களைப் பற்றியவை. அதைவிட முக்கியம், கோபத்தில் வாசித்தால் இசை இப்படி அமையாது. ஒவ்வொரு திருப்பமும் அளந்து வெட்டியிருக்கிறது. கோபம் இருந்திருக்கலாம், இருந்திருக்கும். ஆனால் காதில் விழுவது வேலை. கையில் இருந்த மற்றதெல்லாம் தங்களுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்ட நேரத்தில், சந்தேகமே இல்லாமல் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது வாசிப்பு ஒன்றுதான். நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

அயோமியின் கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் இடதுகைக்காரர். அதாவது தந்தியை அழுத்துவது வலதுகை. பதினேழு வயசில், தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையில், அந்த வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போயின. இனிமேல் கிட்டார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவரிடம் ஃபோர்மன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிப்போனபிறகும் வாசித்தவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார். தந்தி தடியாக இருந்தால் வலிக்கும், அதனால் பான்ஜோவின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் போட்டுப் பார்த்தார். 1971-லிருந்து சுருதியையும் ஒன்றரைக் கட்டை அளவுக்குக் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தது, அழுத்துவது சுலபமாயிற்று, சத்தம் கனமாயிற்று. இன்று உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கித்தான் வாசிக்கின்றன. அதன் பின்னால் ஒரு தகரத் தொழிற்சாலை விபத்து இருக்கிறது.

'சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்' இந்தக் கையின் உச்சம். ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் குட்டி வாக்கியம், நம்ம ஊரில் பல்லவியின் முதல் சங்கதியைச் சுற்றிச் சுற்றி வாசிப்பதுபோல. இந்தப் பாட்டில் கீழ்த்தந்தியை மற்றக் கையின் ஓரத்தால் அடக்கிவைத்து, ஒரே ஸ்வரத்தை வேகமாகத் தட்டிக்கொண்டே போகிறார். திடீரென்று அங்கிருந்து ஒரு தாவல். எங்கே? அந்த ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், பிரதி மத்யமத்துக்கு. கர்நாடக இசையில் தம்பூரா பின்னால் ஓடும்போது பிரதி மத்யமம் பஞ்சமத்தில் சாய்ந்து அழகாகிவிடும். தம்பூராவும் இல்லை, பஞ்சமத்தில் சாயவும் விடவில்லை என்றால் அது அந்தரத்தில் நிற்கும், கேட்கிறவருக்கு அடிவயிறு கலங்கும். குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலும் இதே இடைவெளிதான். அங்கே மெதுவாக, மழைச் சத்தத்துக்கு நடுவே பயமுறுத்த வந்தது. 'சிம்ப்டம்'-ல் அதே இடைவெளி ஓட்டமாக ஓடுகிறது. 1983-ல் மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வருவதற்கு எட்டு வருஷம் முன்னால் இது. த்ராஷ் என்று பின்னாளில் பெயர் பெற்ற வகைக்கு இதுதான் தாய் என்று பலர் சொல்கிறார்கள். ஒரே தாய் என்று நான் சொல்லமாட்டேன், மோட்டர்ஹெட் இருக்கிறது, பங்க் இருக்கிறது. ஆனால் அந்த அடக்கித் தட்டுகிற வலு, அந்தத் தாவல் இரண்டும் சேர்ந்து முதலில் இங்கேதான் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. பிரேசிலின் செபுல்டுரா 1994-ல் இதை மறுபடி வாசித்துப் பதிவு செய்தபோது பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ரிஃப்பை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் பில் வார்ட் டிரம்ஸில் உருட்டுகிற உருட்டலைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். இவர் ராக் கேட்டு வளர்ந்தவர் இல்லை. ஜீன் க்ரூப்பா மாதிரியான பெரிய ஜாஸ் வாத்தியக்குழு டிரம்ஸ்காரர்கள்தான் இவருக்கு ஆசான். அதனால் வேகத்தில்கூட ஒரு ஆட்டம் இருக்கும், ஊஞ்சல் மாதிரி. இன்றைய மெட்டல் டிரம்ஸ் பெரும்பாலும் கணினிக் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். வார்ட் கொஞ்சம் முன்னே போவார், கொஞ்சம் பின்னே வருவார், கிட்டாரோடு பேச்சுக்கொடுப்பார். வில்லா பார்க்கில் மூன்று டிரம்ஸ்காரர்கள் இதையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கேட்டாலே தெரியும்.

பாட்டின் கடைசி இரண்டு நிமிஷம் எல்லாரையும் குழப்பும். புயல் நின்றுபோய், அகூஸ்டிக் கிட்டார், கைத்தாளம், சம்பா சாயலில் ஒரு மிதப்பு. ஸ்டூடியோவில் அந்த நேரத்துக்கு வாசித்துப் பார்த்ததை அப்படியே வைத்துக்கொண்டது அது. யாராவது 'கோபமான ஆல்பம்' என்று சொன்னால் நான் இந்த இடத்தைத்தான் போட்டுக்காட்டுவேன்.

ஆரம்பப் பாட்டு 'ஹோல் இன் த ஸ்கை' ஆம்ப்ளிஃபயர் இரைச்சலோடும் தூரத்தில் யாரோ கத்துகிற சத்தத்தோடும் ஆரம்பிக்கிறது. முடிவு? முடிவே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்பைக் கத்தரியால் வெட்டினமாதிரி நின்றுவிடும். முதல் தடவை கேட்டபோது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்து ஒரு நிமிஷம்கூட ஓடாத ஒரு அகூஸ்டிக் துணுக்கு, 'டோன்ட் ஸ்டார்ட், டூ லேட்'. குழு தயாராகும் முன்பே வாசிக்க ஆரம்பித்துவிடுகிறதே என்று புலம்பிய டேப் உதவியாளரைக் கிண்டலடித்து வைத்த பெயர் அது. அதன் வால் பிடித்து உடனே 'சிம்ப்டம்' இறங்குகிறது. மூன்றையும் சேர்த்து ஒரே பாட்டாகக் கேட்க வேண்டும். ஷஃபிள் போட்டுக் கேட்டால் இந்த ஆல்பம் பாதி செத்துப்போகும்.

'மெகலோமேனியா' ஒன்பதரை நிமிஷத்துக்கு மேல். முதல் மூன்று நிமிஷம் பேய் வீட்டில் நடப்பதுபோல, ஆசியின் குரல் எதிரொலியோடு. அப்புறம் ஒரு திருப்பம், வேறு தாளம், வேறு பாட்டு, மாட்டுமணி மாதிரி ஒரு தட்டுச் சத்தம்கூட உள்ளே வந்துவிடும். கீஸர் பட்லரைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். பேஸ் கிட்டார்க்காரர்கள் பொதுவாக அடித்தளம் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பட்லர் அயோமி போகிற பாதையிலேயே கூடப் போவார், அவர் தந்தியை வளைத்தால் இவரும் வளைப்பார், அயோமி நிறுத்திய இடத்தில் இவர் மட்டும் இரண்டு அடி கூட நடந்துவிட்டு வருவார். கிரீம் குழுவின் ஜாக் ப்ரூஸ் வழி அது. ஒரே ஒரு கிட்டார்க்காரர் இருக்கிற குழு இவ்வளவு தடியாகக் கேட்பதற்கு இவர்தான் பாதிக் காரணம். குழுவின் பாட்டு வரிகளையும் பெரும்பாலும் எழுதியவர் இவரே.

ஆசியைப் பற்றி. சுயசரிதைகளும் டிவி நிகழ்ச்சியும் சேர்ந்து அவரை ஒரு கோமாளியாக்கி வைத்திருக்கின்றன, பாடகர் என்று யாரும் பேசுவதில்லை. இந்த ஆல்பத்தில் குரல் எங்கே நிற்கிறது என்று கேளுங்க. கிட்டார் கீழே கீழே இறங்க, இவர் மேலே மேலே ஏறுகிறார். என் காதுக்கு, அவர் பாடியதிலேயே மிக உயரமான, மிக வலுவான பதிவு இது. 'த ரிட்'-க்கு வரிகளை எழுதியவரும் ஆசிதான். அந்தப் பாட்டில் குரல் ஒரு நேரம் கிசுகிசுத்து, ஒரு நேரம் உறுமி, நடுவில் உடைந்து, எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. ஏமாந்த ஆள் கோர்ட்டு வராந்தாவில் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கேட்கிறமாதிரி இருக்கும்.

நடுவில் 'சூப்பர்ட்ஸார்' என்று வார்த்தையே இல்லாத ஒரு பாட்டு. அயோமியின் கிட்டாரோடு இங்கிலீஷ் சேம்பர் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு, கூடவே ஹார்ப். அன்று ஸ்டூடியோவுக்கு வந்த ஆசி கதவைத் திறந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்து, தப்பான ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார் என்பது அயோமி சொல்லிச் சிரிக்கும் கதை. பிறகு பல வருஷம் குழு மேடையேறும் முன்னால் ஒலிக்கவிட்டது இந்தப் பாட்டைத்தான். 'ஆம் ஐ கோயிங் இன்ஸேன்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சின்தசைஸரில் சுற்றும் பாப் பாட்டு. தலைப்போடு 'ரேடியோ' என்றொரு சொல் ஒட்டியிருப்பதைப் பார்த்து, ரேடியோவுக்காகச் சுருக்கிய வடிவம் என்று பலர் நினைத்தார்கள். விஷயம் வேறு. அங்கே தெருப்பேச்சில் எதுகைக்காக வேறு சொல்லைப் போட்டுப் பேசும் வழக்கம் உண்டு. 'மென்டல்' என்பதற்கு 'ரேடியோ ரென்டல்'. அவ்வளவுதான்.

இத்தனையும் இருந்து ஏன் ஓடவில்லை? முந்தின ஆல்பம் இங்கிலாந்தில் 4-ஆம் இடம், அமெரிக்காவில் 11. 1975 ஜூலையில் வந்த இது இங்கிலாந்தில் 7, அமெரிக்காவில் 28. கூட்டத்தில் சேர்ந்து பாட ஒரு வரி இதில் இல்லை, ரேடியோவுக்கு ஏற்ற நீளமும் இல்லை. இதில் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் பாதிவழியில் உருமாறும். அட்டைப்படமும் உதவவில்லை. கண்ணாடியில் பிம்பம் தப்பாகத் தெரிவதுபோன்ற நல்ல யோசனை, பில் வார்டின் டிரம்ஸ் உதவியாளர் கொடுத்தது. ஒத்திகைப் படம்தானே என்று நினைத்துக் கிடைத்த உடையில் வந்து நின்றவர்களை அப்படியே அட்டையில் போட்டுவிட்டார்கள். வார்ட் மாட்டியிருப்பது தன் மனைவியின் சிவப்பு நிற இறுக்கக் கால்சட்டை, ஆசி ஜப்பானிய அங்கி மாதிரி ஒன்றைச் சுற்றியிருக்கிறார். உலகத்தின் மிகக் கனமான இசை, உலகத்தின் மிக அசட்டுத்தனமான அட்டை. ஐம்பது வருஷமாக இந்த அட்டையைக் கிண்டல் செய்தே பொழுது போகிறது.

ஆனால் முக்கியக் காரணம் அதற்கப்புறம் நடந்தது என்று நினைக்கிறேன். இதே உயரத்தில் இன்னும் இரண்டு ஆல்பம் வந்திருந்தால், இது ஒரு காலகட்டத்தின் தொடக்கமாக நினைவில் நின்றிருக்கும். வரவில்லை. 1976-லும் 1978-லும் வந்தவை களைத்துப்போன ஆட்களின் ஆல்பங்கள். வழக்குகள் இழுத்தன, குடியும் கோகெய்னும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. 1979-ல் ஆசியை வெளியே அனுப்பினார்கள். அதனால் 'சபோட்டாஜ்', முதல் ஆறு ஆல்பங்களின் வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. சில பழைய இசைத்தட்டுகளில் 'த ரிட்' முடிந்தபிறகு ஊசியை எடுக்காமல் விட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தால், ரொம்ப மெல்லிசாக இன்னொன்று கேட்கும். ஆசியும் பில் வார்டும் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு வேடிக்கைப் பாட்டைக் கத்திக்கொண்டிருப்பார்கள். அரை நிமிஷம் இருக்கும். பக்கத்து அறையில் யாரோ சிரிக்கிற மாதிரி.